பூசணிக்காய் உருளும் பக்கம்: பெங்களூரில் படப்புத்தகம் எழுதவும் வரையவும் தொடங்குபவர்களுக்கு

ஆறு ஏ4 தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் குறுக்கே பாதியாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மடிப்பில் இரண்டு பின் அடியுங்கள். 24 பக்கம் கொண்ட வெற்றுப் புத்தகம் கையில் இருக்கும். தொழிலில் இதற்கு டம்மி என்று பெயர். கதை முடிந்த பிறகுதான் டம்மி செய்ய வேண்டும் என்று நினைத்துப் பலர் இதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வருவது படம் சேர்த்த சிறுகதையாக இருக்கும். படப்புத்தகத்தில் கதை நகர்வது பக்கம் திரும்பும்போது. ஆகவே முதல் வரியை எழுதும் நாளிலேயே டம்மியும் மேசையில் இருக்கட்டும்.

பக்கக் கணக்கு

24 என்ற எண் அச்சகத்திலிருந்து வருகிறது. பெரிய தாளின் ஒரு புறம் எட்டுப் பக்கமும் மறுபுறம் எட்டுப் பக்கமும் அச்சாகி, மடித்து வெட்டினால் 16 பக்க ஃபாரம் ஒன்று கிடைக்கும். 16, 24 (ஒன்றரை ஃபாரம்), 32 என்று போனால் தாள் வீணாகாது. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட்டே ஆகவேண்டும் என்பதால் 26 பக்கக் கதைக்கு வழியே இல்லை. 28 பக்கம் முடியும், ஆனால் தாள் வீணாகும். பதிப்பாசிரியர் நான்கு பக்கத்தை வெட்டச் சொல்வார்.

24 பக்கத்தில் கதைக்குக் கிடைக்கும் இடம் எவ்வளவு? 1ஆம் பக்கம் தலைப்பு, 2ஆம் பக்கம் பதிப்புரிமை விவரம், 24ஆம் பக்கம் எழுதியவர், வரைந்தவர் குறிப்பு. மிச்சம் 3ஆம் பக்கமும், 4-5 தொடங்கி 22-23 வரை பத்து ஸ்ப்ரெட்டும். ஸ்ப்ரெட் என்றால் புத்தகத்தை விரித்தால் ஒரே பார்வையில் தெரியும் இரண்டு பக்கம். ஆக ஒரு தொடக்கப் பக்கம், பத்துக் காட்சி. கதை இதற்குள் அடங்க வேண்டும்.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். கயல் பாட்டியோடு கே.ஆர். மார்க்கெட் போகிறாள். பாட்டி ஒரு பெரிய பூசணிக்காய் வாங்குகிறார். அதை பஸ்ஸில் அல்சூர் வரை கொண்டுவர வேண்டும். கதை இவ்வளவுதான்.

வலப்பக்கம் எப்போதும் ஒற்றைப்படை எண். குழந்தையின் கை திருப்பக் காத்திருக்கும் பக்கம் அது. 13ஆம் பக்கத்தின் அடியில் ‘பஸ் சடாரென்று நின்றது. பூசணிக்காய்…’ என்று முடித்து, 14-15 ஸ்ப்ரெட்டில் பஸ்ஸின் முழு நீளத்தையும் வரைந்து, கால்களுக்கு நடுவே பூசணிக்காய் உருள்வதைக் காட்டி, ‘உருண்டது!’ என்ற ஒரே சொல்லை வையுங்கள். இதே இரண்டு வரியும் 14ஆம் பக்கத்திலும் 15ஆம் பக்கத்திலுமாக விழுந்தால் வேலை கெட்டுவிடும். குழந்தையின் கண் படத்துக்குத்தான் முதலில் போகும். உங்கள் வரியைப் படிக்கும் முன்பே என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். ரகசியம் உடையும் இடமெல்லாம் இரட்டைப்படைப் பக்கத்தில் தொடங்குகிறதா என்று டம்மியைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கணினித் திரையில் உருட்டிப் படித்தால் இந்தப் பிழை கண்ணில் படாது.

எழுதுதல்

முதல் வரைவில் ‘கயல் சிவப்புப் பாவாடை உடுத்திக்கொண்டு, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டமான மார்க்கெட்டுக்குள் நுழைந்தாள்’ என்று வரும். பாவாடையின் நிறம், பிடித்த கை, கூட்டம் மூன்றும் படத்தில் இருக்கப்போகின்றன. அடித்துவிட்டுப் பார்த்தால் ‘கயல் மார்க்கெட் போனாள்’ மிஞ்சும். படத்தால் சொல்ல முடியாதவற்றுக்குச் சொல் வேண்டும்: சத்தம், மணம், மனதில் நினைத்தது, நேரம் போனது. மார்க்கெட்டின் மல்லிகை வாசனையை வரைய முடியாது, எழுதலாம். இந்த வெட்டு முடிந்ததும் பாதிக்குப் பாதி சொல் குறைந்திருந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

அளவுக்கு ஒரு பிடி வேண்டுமென்றால், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட குழந்தைப் பதிப்பகம் பிரதம் புக்ஸ் தன் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் பின்பற்றும் வாசிப்பு நிலைகளைப் பாருங்கள். முதல் நிலை 250 சொல் வரை, இரண்டாம் நிலை 600 வரை, மூன்றாம் நிலை 1500 வரை, நான்காம் நிலை அதற்கும் மேல். தமிழில் எண்ணும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ‘ஓடிப்போயிட்டாளாம்’ என்பது ஒரே சொல். சொல் எண்ணிக்கை குறைவாகத் தெரியும், ஆனால் அந்தச் சொல் ஒரு வரியில் பாதியை அடைத்துக்கொள்ளும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு நீளமான ஒரு சொல், மூன்று சின்னச் சொற்களைவிடக் கடினம். முதல் நிலைப் புத்தகத்தில் புணர்ச்சியை முடிந்தவரை பிரித்தே எழுதுங்கள். ‘அங்கேயொரு’ வேண்டாம், ‘அங்கே ஒரு’ போதும்.

இரட்டைக்கிளவி நமக்குக் கிடைத்த பெரிய கொடை. சலசல, மடமட, கடகட, பளபள என்று குழந்தை கேட்டவுடன் திருப்பிச் சொல்லும் சொற்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன. பக்கத்துக்குப் பக்கம் தூவாமல், கதையில் மூன்று இடத்தில் ஒரே கிளவி திரும்ப வருமாறு வைத்தால், மூன்றாவது முறை குழந்தையே சொல்லிவிடும்.

பெங்களூர்த் தமிழ்க் குழந்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் என்று எந்தப் பக்கம் போனாலும் தமிழைக் காதால் மட்டும் அறிந்த குழந்தைகள் ஏராளம். அவர்களுக்குப் புத்தகத்தை ஒரு பெரியவர்தான் வாசித்துக் காட்டுவார். உங்கள் வரி முதலில் அந்தப் பாட்டியின் வாயில் தடுக்காமல் போக வேண்டும். கதை சொல்லும் வரிகள் எளிய எழுத்துத் தமிழிலும், பேச்சு வரிகள் பேச்சுத் தமிழிலும் இருப்பதே நன்றாக அமையும். கண்டக்டர் ‘ஏனம்மா இது?’ என்று கன்னடத்தில் கேட்க, பாட்டி தமிழில் பதில் சொல்லலாம். இந்த ஊரில் எல்லா பஸ்ஸிலும் நடப்பதுதான் அது. அடிக்குறிப்புப் போட்டு விளக்காதீர்கள், படம் விளக்கிவிடும்.

சோதித்துப் பார்த்தல்

பென்சில் டம்மி தயாரானதும் நீங்கள் வாசிக்காதீர்கள். உங்களுக்கு எந்த இடத்தில் குரலை ஏற்றவேண்டும் என்று தெரியும்; அது பிழையை மறைத்துவிடும். வேறொருவர் கையில் கொடுத்து, நாலைந்து குழந்தைகளுக்கு வாசிக்கச் சொல்லி, ஓரமாக உட்கார்ந்து பென்சிலால் குறியுங்கள். வாசிப்பவர் எந்தச் சொல்லில் தடுக்கினார்? எந்தப் பக்கத்தில் குழந்தை வேறெங்கோ பார்த்தது? எந்தப் பக்கத்தைத் திருப்ப விடாமல் பிடித்துக்கொண்டது? ‘பிடிச்சிருந்ததா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். பிடித்தது என்றுதான் சொல்வார்கள். ‘இன்னொரு தடவை’ என்று அவர்களாகக் கேட்கிறார்களா என்பதுதான் அளவுகோல்.

கூடவே நிறையப் படிக்கவும் வேண்டும். கப்பன் பூங்காவில் குழந்தைகள் நூலகம் இருக்கிறது. சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் படப்புத்தகம் மலிவாகக் கிடைக்கும். அல்சூர் ஏரியருகே உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தையும் விட்டுவிடாதீர்கள். பிடித்த பத்துப் புத்தகத்தின் வரிகளை மட்டும் தனித்தாளில் பக்கவாரியாக எழுதிப் பாருங்கள். எவ்வளவு குறைவாக எழுதியிருக்கிறார்கள் என்பது அப்போது உறைக்கும்.

வரைதல்

முதலில் தீப்பெட்டி அளவில் எல்லா ஸ்ப்ரெட்டையும் ஒரே தாளில் வரைந்துகொள்ளுங்கள். தம்ப்நெய்ல் என்பார்கள். ஒரே பார்வையில் பார்க்கும்போதுதான் எல்லாக் காட்சியும் ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் நிற்கிறதா என்பது தெரியும். புதியவர்களின் புத்தகத்தில் பத்துக்கு எட்டுப் படம் நாடக மேடைபோல நேர் எதிரே நின்று பார்ப்பதாக இருக்கும். பஸ்ஸின் மேலிருந்து ஒன்று, சீட்டுக்கு அடியில் பூசணிக்காயின் உயரத்திலிருந்து ஒன்று, கயலின் முகம் மட்டும் ஒன்று என்று மாற்றுங்கள்.

பிறகு கதாபாத்திரத் தாள். கயலை முன், பின், பக்கவாட்டில், ஓடும்போது, அழும்போது, தூங்கும்போது வரைந்து, தலைக்கும் உடலுக்கும் உள்ள விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 5ஆம் பக்கத்தில் நான்கு வயதாக இருந்தவள் 19ஆம் பக்கத்தில் எட்டு வயதாகிவிடுவாள். பின்னல் எந்தப் பக்கம், வளையல் எந்தக் கையில் என்பதும் தாளில் இருக்கட்டும். குழந்தைகள் இதையெல்லாம் விடாமல் பிடிப்பார்கள்.

இடத்தையும் நேரில் போய் வரைந்து வாருங்கள். இணையத்தில் ‘வீடு’ என்று தேடினால் புகைபோக்கி வைத்த சரிவுக் கூரை வரும். பெங்களூர் மொட்டை மாடியில் இருப்பது கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் கொடிக்கயிறும். தகவல் பிழை வரும் இடத்துக்கும் ஓர் உதாரணம்: கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் மாநிலத்துப் பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்ஸில் கட்டணம் இல்லை. பாட்டி கண்டக்டரிடம் சில்லறை நீட்டுவதாக வரைந்தால், தினமும் அந்த பஸ்ஸில் போகும் குழந்தை உடனே கேட்கும். அதுவே கதைக்கும் உதவும்: பாட்டிக்கு டிக்கெட் காசு இல்லை, கயலுக்கும் இல்லை, பூசணிக்காய்க்கு?

பல மொழிக்கு இடம் விடுங்கள்

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத, ஆனால் வேலை கிடைப்பதையும் கிடைக்காததையும் தீர்மானிக்கும் விஷயம் இது. இந்தியக் குழந்தைப் பதிப்பகங்கள் பல ஒரே புத்தகத்தைப் பல மொழியில் போடுகின்றன. சென்னையில் 1996இல் தொடங்கிய துலிகா ஒன்பது மொழியில் வெளியிடுகிறது. படம் ஒன்றுதான், எழுத்து மட்டும் மாறும்.

நான்கு நிற அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நிறத்துக்கு ஒன்றாக நான்கு பிளேட், அதாவது அச்சுத் தகடு. எழுத்து சுத்தமான 100 சதவீதக் கறுப்பில், படத்தின் மேலேயே அச்சாகும்படி இருந்தால், மொழி மாறும்போது கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். நீங்கள் இரவுக் காட்சி வரைந்து அதன்மேல் வெள்ளை எழுத்து வைத்தால், எழுத்தின் வடிவம் நான்கு பிளேட்டிலும் ஓட்டையாக வெட்டப்பட வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் நான்கு புது பிளேட். செலவு ஏறும், நிறங்கள் மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் சாயம் தெரியும். ஆகவே எழுத்து விழும் இடத்தை வெளிறிய நிறத்தில், கோடுகள் அதிகம் இல்லாமல் விடுங்கள்.

எவ்வளவு இடம்? ஆங்கில வரி அடைக்கும் இடத்தைவிடத் தமிழுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வையுங்கள். வரிகளுக்கு இடையிலும் தாராளம் வேண்டும். தமிழில் ‘ணு’, ‘கூ’ கீழே இறங்கும், கன்னடத்தில் எழுத்தின் அடியில் சேர்த்து எழுதும் ஒத்தெழுத்துகள் இன்னும் கீழே தொங்கும். 20 பாயின்ட் எழுத்துக்கு 30 பாயின்ட் வரி இடைவெளி பாதுகாப்பானது.

படத்துக்குள் எழுத்தை வரையாதீர்கள். கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றிப் பலகை, பேச்சுக் குமிழி எல்லாம் தனி லேயரில் இருக்க வேண்டும். கையால் வண்ணம் தீட்டுபவர்கள் பலகையை வெறுமையாக விட்டு, எழுத்தைத் தனித்தாளில் எழுதி ஸ்கேன் செய்து கொடுக்கலாம்.

தமிழ் எழுத்துக் கோப்பை, எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் மட்டும் கொடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது இன்னொரு கணினியில் குப்பையாகத் தெரியும். வடிவமைப்பாளர் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது பிழையென்றே தெரியாது. கடைசி பிடிஎஃபை நீங்களே எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

கோப்பு அளவு

வரையத் தொடங்கும் முன்பே புத்தகத்தின் அளவைக் கேட்டு வாங்குங்கள். 8.5 அங்குலச் சதுரம் என்று வைத்துக்கொண்டால் ஸ்ப்ரெட்டின் அகலம் 17 அங்குலம். சுற்றிலும் வெட்டுக்காக விடும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் சேர்த்தால் ஏறத்தாழ 43.8 சென்டிமீட்டர். ஏ3 ஸ்கேனரின் நீளம் 42. மாதக்கணக்கில் தீட்டிய நீர்வண்ணத்தை இரண்டு துண்டாக ஸ்கேன் செய்து ஒட்டவேண்டிய நிலை பலருக்கு இப்படித்தான் வருகிறது. கணினியில் வரைபவர்கள் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) சுமார் 5170க்கு 2620 பிக்சல் வைத்துத் தொடங்குங்கள். சின்னதாக வரைந்து பிறகு பெரிதாக்கினால் கோடு மங்கும்.

ப்ளீட் என்பது வெட்டும் கோட்டுக்கு வெளியே படம் நீளும் பகுதி. வெட்டுக் கத்தி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வெள்ளை ஓரம் தெரியாமல் காப்பது அது. உள்பக்கமாக 10 மில்லிமீட்டருக்குள் எழுத்தோ முக்கியமான எதுவுமோ வேண்டாம். நடுமடிப்பில் முகம், கண், கை எதுவும் விழக்கூடாது. 14-15இல் பூசணிக்காயைச் சரியாக நடுவில் வரைந்தால் அது மடிப்புக்குள் நசுங்கிவிடும். இடமோ வலமோ தள்ளி வையுங்கள்.

திரையில் ஒளிரும் பச்சையும் ஊதாவும் அச்சில் மங்கும். அச்சின் நான்கு நிற முறையான சிஎம்ஒய்கேயில் மாற்றிப் பார்த்துக்கொண்டே வேலை செய்யுங்கள். நம் குழந்தைகளின் பழுப்பு நிறத் தோலுக்குக் கறுப்பு மையைக் கூட்டினால் சாம்பல் பூசியதுபோல் வரும். மஞ்சளும் சிவப்பும் கொண்டு ஆழமாக்கி, நீலத்தைக் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சி எல்லாவற்றையும் ஒரு படி கருமையாக்கும், வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அவ்வளவு இருக்காது. எந்தத் தாள் என்று கேட்டுவிட்டு, முடிந்தால் அதே தாளில் ஒரு பக்கத்தை அச்சிட்டுப் பாருங்கள்.

அனுப்புதல்

எழுத்தாளர் மட்டுமாக இருந்தால் கதையை மட்டும் அனுப்புங்கள். உறவினரையோ நண்பரையோ வைத்துப் படம் போட்டு அனுப்பாதீர்கள். யார் வரைவது என்று பதிப்பகமே முடிவு செய்யும். படம் பொருந்தாவிட்டால் நல்ல கதையும் சேர்ந்து திரும்பும். பக்கம் பிரித்து, யூனிகோடில், மேலே வயதுப் பிரிவும் சொல் எண்ணிக்கையும் ஒரு வரிச் சுருக்கமும் போட்டால் போதும். வரியில் தெரியாத நிகழ்வு இருந்தால் மட்டும் படக்குறிப்பு எழுதுங்கள்.

ஓவியர் மட்டுமானால் 10 முதல் 12 படம் கொண்ட ஒரு பிடிஎஃப். தனித்தனி அழகுப் படங்களைவிட, ஒரே குழந்தை தொடர்ந்து வரும் மூன்று ஸ்ப்ரெட் அதில் இருப்பது முக்கியம். பதிப்பாசிரியர் முதலில் தேடுவது அதைத்தான். கூட்டம், இரவு, வீட்டின் உட்புறம், விலங்கு ஆகியவற்றிலும் ஒவ்வொன்று. இரண்டும் செய்பவர்கள் முழுப் பென்சில் டம்மியோடு இரண்டு ஸ்ப்ரெட்டை மட்டும் வண்ணத்தில் முடித்து அனுப்புங்கள். முழுவதையும் முடித்து அனுப்பினால் மாற்றம் சொல்ல வழியிருக்காது.

எங்கே? பிரதம் புக்ஸ், துலிகா, கைவினை அச்சுக்குப் பெயர்பெற்ற சென்னை தாரா புக்ஸ், தில்லியில் நேஷனல் புக் டிரஸ்ட், கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1957இல் தொடங்கிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட். ஒவ்வொன்றின் பட்டியலையும் பார்த்துவிட்டு, விதிமுறையைப் படித்து அனுப்புங்கள். பதிலுக்கு மாதங்கள் ஆகும். அதுவரை அடுத்த டம்மி.

பழகுவதற்கு 2015இல் வந்த ஸ்டோரிவீவர் நல்ல இடம். அங்கே உள்ள படங்களை எடுத்து உங்கள் கதையைப் பொருத்திப் பார்க்கலாம். கன்னடமோ ஆங்கிலமோ தெரிந்தவர்கள் தமிழுக்கு மொழிபெயர்க்கலாம். பெங்களூர்த் தமிழர்களுக்கு இது இயல்பாகக் கைவரும் வாசல். ஆனால் அங்கே வெளியாவது திறந்த உரிமத்தில். உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் மாற்றலாம், விற்கலாம். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. பதிப்பகத்துக்கு என்று வைத்திருக்கும் கதையை அங்கே போடாதீர்கள்.

ஒப்பந்தமும் பணமும்

ஓவியர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு வரையப்பட்ட ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். ஆகவே வாய்ப்பேச்சில் வேலையைத் தொடங்காதீர்கள். ‘பதிப்புரிமை ஓவியருக்கே, பதிப்பகத்துக்கு வெளியிடும் உரிமம் மட்டும்’ என்ற வரியை எழுதி வாங்குங்கள். உரிமையை எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு கொள்ளும். எந்தெந்த மொழி, மின்னூல் உண்டா, பொம்மை, காலண்டர் போன்றவற்றுக்குப் படத்தைப் பயன்படுத்தலாமா என்பதெல்லாம் தனித்தனி வரிகளாக இருக்கட்டும்.

விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் உங்களுக்கு வரும் பங்கான ராயல்டியின் சதவீதம் அட்டை விலையின் மேலா, பதிப்பகத்துக்கு வந்து சேரும் தொகையின் மேலா என்று கேளுங்கள். 200 ரூபாய்ப் புத்தகத்தில் 5 சதவீதம் என்றால் முதல் வகையில் பிரதிக்கு 10 ரூபாய். கடைக்கும் விநியோகத்துக்கும் பாதி போவதாக வைத்தால் இரண்டாம் வகையில் 5 ரூபாய். 2000 பிரதி முழுதும் விற்றால் வருவது 20,000 அல்லது 10,000. முழுநேர வேலையை விட்டுவிட்டு வருவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பத்திரிகைப் படம், பாடநூல் படம், பள்ளிப் பட்டறை என்று பக்க வருமானத்தோடுதான் முதல் சில ஆண்டுகள் ஓடும்.

ஓவியத்துக்கு மொத்தத் தொகை பேசினால் மூன்று தவணையாகக் கேளுங்கள்: கையெழுத்தின்போது, பென்சில் வரைவு ஒப்புதலானபோது, இறுதிக் கோப்பு கொடுத்தபோது. திருத்தம் இரண்டு சுற்று, அதற்கு மேல் தனிக்கட்டணம் என்று எழுதுங்கள். பென்சில் வரைவு எழுத்துப்பூர்வமாக ஒப்புதலாகும் முன் வண்ணத்தைத் தொடாதீர்கள். 24 பக்கத்துக்கு நாலைந்து மாதம் கேட்பது நியாயமான காலம். பான் எண்ணைக் கொடுக்காவிட்டால் 10 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) பிடித்துவிடுவார்கள்.

சொந்தமாகவே வெளியிட நினைப்பவர்களுக்கு: புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் விண்ணப்பிக்க வேண்டும். உள்பக்கத்துக்கு 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் கனம்) ஆர்ட் பேப்பர், அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் கார்டு, மேட் லேமினேஷன், நடுவில் இரண்டு பின். சுல்தான்பேட்டை, அவென்யூ ரோடு பக்கம் மூன்று இடத்தில் விலை கேளுங்கள். கேட்கும்போது 500 பிரதிக்கும் 1000 பிரதிக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பிளேட் செலவு இரண்டுக்கும் ஒன்றே என்பதால் பிரதிக்கு விலை கணிசமாக இறங்கும். ஆனால் 1000 பிரதியை வீட்டில் அடுக்கி வைக்கவும், ஒவ்வொன்றாக விற்கவும் வழி இருந்தால் மட்டும் அந்த விலைக்கு மயங்குங்கள்.

அச்சுக்குப் போகும் முன் வரும் சோதனைப் பிரதியான ப்ரூஃபை வெளிச்சமான ஜன்னலருகே வைத்து, அதையும் மடித்துப் பின் அடித்துப் பாருங்கள். 13ஆம் பக்கத்தைத் திருப்பும்போது பூசணிக்காய் உருள்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.